ரௌட்டர் வாங்குமுன்...



கூடத்தில் திரைப்படம் தடையின்றி ஓடுகிறது. உள்ளறையில் அமர்ந்து பணிபுரியும் மகனின் அலுவலக இணைப்போ அடிக்கடி அறுபடுகிறது. உடனே விலையுயர்ந்த ரௌட்டரை நாடுகிறோம். சற்றுப் பொறுங்கள்! இருக்கும் கருவியை முதலில் வீட்டின் நடுவே, உயரமான இடத்தில் வைத்துப் பாருங்கள்.

புதிதாக வாங்குவதே முடிவெனில், பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். 4கே தரப் படத்திற்கே வினாடிக்கு 15 மெகாபிட் வேகம் போதுமென்கிறது நெட்ஃபிளிக்ஸ். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை எளிதில் ஊடுருவும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, தொலைவு செல்லாது. இரண்டும் உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

வி.பி.என். சேவையை ரௌட்டரிலேயே இயக்கினால், மறையாக்கம் செய்யும் சுமை முழுவதும் அதன் செயலியின்மீது விழும். மலிவான கருவி திணறிவிடும். ஓபன்வி.பி.என். முறையினும் வயர்கார்டு முறை இலகுவானது; அதனை ஏற்குமா எனக் கேட்டறியுங்கள். மகனின் கணினியில் மட்டும் வி.பி.என். இருந்தால் போதுமெனில், இச்செலவு வீண்விரயமே!

வி.பி.என். இருந்தால் நம்மை எவரும் அறியார் என எண்ணுவது பேதைமை. வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்குமாறு, அச்சேவையை விற்கும் நிறுவனங்களுக்கு இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2022-இல் ஆணையிட்டது.

இறுதியாக, கருவியுடன் வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள். தாழிடாத கதவு எத்துணை விலையுயர்ந்ததாயினும் பயனென்ன?