பாஷையும் மொழியும்

'பாஷ்' என்னும் வடமொழி வேருக்குப் பேசுதல் என்று பொருள். வேத வழக்கினின்று வேறான தம் காலப் பேச்சையே பாணினி 'பாஷா' என்றார். சமஸ்கிருதம் ஏட்டோடு நின்றபின் அந்தப் பெயர் ஊர்ப் பேச்சுகளுக்கு வந்து சேர்ந்தது. அர்த்தசாஸ்திரத்தின் பழைய மலையாள ஆக்கத்துக்குப் 'பாஷா கௌடலீயம்' என்று பெயர். அங்கே பாஷை என்றால் மலையாளந்தான்.

கடல் கடந்தும் அப்படியே. மலாயில் பஹாசா, தாய்லாந்தில் பாசா, கம்போடியாவில் பியாசா. பர்மியரின் 'பாதா' சமயத்தையும் குறிக்கும். மலாயில் 'புடி பஹாசா' என்பது நன்னடத்தை.

சிங்களத்தில் இச்சொல் இரு வடிவில் வாழ்கிறது: வடமொழி வாடை மாறாத 'பாஷாவ', தேய்ந்த 'பஸ'. வடசொற்களை ஒதுக்கிய குமாரதுங்க முனிதாச 1939இல் தொடங்கிய இதழுக்குச் 'சுபஸ' என்றே பெயரிட்டார். தேய்ந்த சொல்லை அவர் தம் மக்களின் சொல்லாகவே கொண்டார். தமிழிலும் வடவெழுத்தை நீக்கிய 'பாடை' இருந்தது. ஆனால் பிணத்தைச் சுமக்கும் பாடையோடு அது போட்டியிட முடியுமா? 1916இல் தனித்தமிழ் இயக்கம் எழுந்தபின், முன்பே இருந்த 'மொழி' மெல்ல மெல்ல எழுத்தில் 'பாஷை'யின் இடத்தை எடுத்துக்கொண்டது. இலக்கணத்தில் 'மொழி'யின் பழைய பொருள் சொல் என்பதே. தனிமொழி, தொடர்மொழி என்பவற்றில் அது இன்றும் தெரிகிறது.

இந்த மாற்றத்துக்கு முந்திய காலத்தைத் திருகோணமலையே காட்டுகிறது. இவ்வூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராக இருந்து, 1895இல் 'மோகனாங்கி' நாவலைத் தந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை, தமிழைப் பற்றி எழுதிய நூலின் பெயர் 'தமிழ்ப்பாஷை'. தமிழ்ப்பற்றில் குறைந்தவரல்லர் அவர்.

இன்று இலங்கையின் அரச மொழித் திணைக்களக் கடிதத் தலைப்பில் சிங்களத்தில் 'ராஜ்ய பாஷா', தமிழில் 'அரச கரும மொழிகள்' என்று இருக்கும். பாஷை போய்விட்டது, 'கருமம்' என்ற வடசொல் மட்டும் நடுவே அமர்ந்திருக்கிறது, ஒருவரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சந்தையில் 'அந்தப் பாசை எனக்கு விளங்காது' என்பது காதில் விழாத நாள் குறைவு. ஈழத்தார் பேசுவதையே 'கதைத்தல்' என்கிறார்கள். சிங்களவர் 'கதா கரனவா' என்கிறார்கள். இரண்டும் 'கதா' என்ற ஒரே சொல்லின் வழிவந்தவை. விலை பேசுகிற இருவருக்கும் அது தெரியவேண்டிய அவசியமில்லை.

ஒரு மொழியின் உரிமை அதன் பெயரின் வேரில் இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டமும், 1987இல் தமிழையும் அரச கரும மொழியாக்கிய 13ஆவது திருத்தமும் சொல்லாராய்ச்சியால் வந்தவையல்ல. 'மொழி' நல்ல சொல். எழுத்தில் அதுவே நிலைக்கட்டும். ஆனால் பழைய நூல்களை மறுபதிப்புச் செய்வோர், 'பாஷை' என்று கண்ட இடத்தில் 'மொழி' என்று திருத்தாமல் உள்ளபடியே அச்சிட வேண்டும்.