குதித்தாயிற்று, ஏறுவது எப்படி?

மும்பைத் துறைமுகத்தின் எதிர்க்கரையில் மாண்ட்வா இருக்கிறது. அங்கே சொந்தமாகச் சின்ன மோட்டார் படகு வைத்திருக்கும் மாதுங்கா நண்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வயது ஐம்பதைத் தாண்டியவர். நன்றாக நீந்துவார். கரையிலிருந்து சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு இன்ஜினை நிறுத்தினார். "அஞ்சே நிமிஷம், ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிக் குதித்தார்.

முழுக்குக்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. திரும்பி ஏறுவதற்கு இருபது நிமிடம்.

படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் மூன்றடி உயரத்தில் இருந்தது. இரண்டு கைகளாலும் பற்றி எம்பினார். கால்கள் படகுக்கு அடியில் போயின. மோவாய் விளிம்பு வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. மூன்றாவது முயற்சியில் மோவாயும் வரவில்லை. படகின் பின்பக்கத்தில் பளபளவென்று ஓர் ஏணி இருந்தது. ஆனால் அது மேல்நோக்கி மடிக்கப்பட்டு, உள்பக்கம் ஒரு பின்னால் பூட்டப்பட்டிருந்தது. உப்புக் காற்றில் பின் துருவேறி இறுகிவிட்டது. படகில் இருந்த ஒரே ஆள் நான். எனக்கு நீச்சலும் தெரியாது, பின்னும் பிடிபடவில்லை. வடியும் கடல் அவரை இழுத்துக்கொண்டிருந்தது. நான் வீசிய கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே அவர் வழி சொன்னார். கயிற்றின் முனையில் ஒரு கண்ணி போட்டுத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையைப் படகில் கட்டினேன். கண்ணியில் அவர் காலை வைத்து எம்ப, நான் அவர் டிராயரின் இடுப்பு வாரைப் பிடித்து இழுக்க, இரண்டு பேரும் வலையில் விழுந்த மீன்களைப் போலப் படகுக்குள் கிடந்தோம். கரை கண்ணெதிரே தெரிந்தது. பலசமயம் அவர் தனியாகவே போகிறவர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இந்தச் சங்கடத்தை வைத்து ஒரு முழுநீளத் திரைப்படமே வந்திருக்கிறது. 2006இல் வெளியான 'ஓபன் வாட்டர் 2: அட்ரிஃப்ட்' படத்தில் நண்பர்கள் உல்லாசப் படகிலிருந்து நடுக்கடலில் குதிக்கிறார்கள். ஏணியை இறக்க மறந்துவிடுகிறார்கள். கதை அவ்வளவுதான். பார்க்கும்போது 'இத்தனை பேர் சேர்ந்தும் ஏற முடியாதா?' என்று தோன்றும். முடியாது. தண்ணீருக்குள் இருக்கும்வரை உடலின் பாரத்தைத் தண்ணீர் தாங்குகிறது. வெளியே வர வர முழு எடையும் கைகளில் இறங்குகிறது, நனைந்த துணியின் எடையும் கூடச் சேர்கிறது. லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தால் அது நெஞ்சுக்கும் படகுக்கும் நடுவே இடிக்கும் (அதற்காக அதைக் கழற்றிவிடக் கூடாது). குளிர்ந்த தண்ணீராக இருந்தால் சில நிமிடங்களில் விரல்கள் பிடிப்பை இழந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் திருத்தியமைத்த உல்லாசப் படகு விதிகளில் இதற்கு ஒரு வாசகம் இருக்கிறது. தண்ணீரில் இருப்பவர் பிறர் உதவியின்றித் தானே எட்டிப் பிடிக்கக்கூடியதாகவோ இறக்கிக்கொள்ளக்கூடியதாகவோ ஏறும் வழி இருக்க வேண்டும் என்கிறது அது. சிந்தித்துப் பார்த்தால் முழு விஷயமும் இதில் அடங்கிவிடுகிறது. படகுக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும் ஏணி படகில் இருப்பவருக்குத்தான் சொந்தம். விழுந்தவருக்கு அது இல்லாத ஏணி.

சரி, ஏணியை எங்கே வைப்பது? சிறிய படகுகளில் பெரும்பாலும் பின்பக்கம்தான். அங்கே ஏறினால் படகு பக்கவாட்டில் சாயாது. ஆனால் இன்ஜினின் புரொப்பெல்லரும் அங்கேதான் இருக்கிறது. அதனால் ஏணி புரொப்பெல்லரிலிருந்து எவ்வளவு விலகி ஒரு ஓரமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆள் தண்ணீரில் இருக்கும்போது இன்ஜினை நியூட்ரலில் விட்டால் போதாது, நிறுத்திச் சாவியையும் எடுத்துவிட வேண்டும். நியூட்ரலிலும் புரொப்பெல்லர் சுற்றக்கூடும், கை தவறிக் கியர் விழவும் கூடும். அலை அதிகமென்றால் பின்பக்கம் தூக்கிப் போடும். அடியில் இருப்பவர் தலையில் படகே இடிக்கும். அப்போது ஆட்டம் குறைவான நடுப்பகுதியில், பக்கவாட்டில் மாட்டும் ஏணி உதவும். ஒருவர் ஏறும்போது மற்றவர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து படகைச் சமன் செய்ய வேண்டும்.

பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அமெரிக்காவின் பாவெல் ஏரியில் 2000 ஆகஸ்டில் ஒரு படகு வீட்டின் பின்னால் நீந்திக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள், உடன்பிறந்தவர்கள், இந்த வாயுவால் இறந்துபோனார்கள். நீச்சல் மேடைக்கு அடியில் ஜெனரேட்டரின் புகை தேங்கியிருந்தது. இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓடும்போது ஏணிப் பக்கம் யாரும் இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

ஏணியின் நீளமும் முக்கியம். தண்ணீர் மட்டத்தோடு முடிந்துவிடும் ஏணி வெறும் அலங்காரம். மிதப்பவரின் கால் தேடும் இடத்தில், நீருக்குள் இரண்டடி ஆழத்தில், ஒரு படி இருக்க வேண்டும். வெறுங்காலில் ஏறுபவருக்கு உருண்டைக் குழாயைவிட அகலமான தட்டைப் படி நல்லது. மேலே பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடியும் வேண்டும்.

நம் மொழியில் நூலேணி என்றொரு அழகான சொல் இருக்கிறது. மதுரைக்காஞ்சியில் இரவுக் கள்வர்கள் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். மதில் ஏறும் கள்வருக்கு அது சரி, சுவர் முதுகு கொடுக்கும். படகில் தொங்கவிட்டால் காலை வைத்ததும் ஏணி படகுக்கு அடியில் போய்விடும், ஏறுபவர் மல்லாந்து தொங்குவார். ஒன்றுமே இல்லாததற்கு நூலேணி மேல். நிலையான ஏணிக்கு அது ஈடாகாது.

2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தபோது, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதையும் லைஃப் ஜாக்கெட்டையும் பற்றி நாடெங்கும் பேசினோம். பேச வேண்டியவைதான். அந்தப் பட்டியலில் ஏணியையும் சேர்த்துக்கொண்டால் என்ன? கோவாவிலோ ஆலப்புழையிலோ அடுத்த முறை படகில் ஏறும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: 'நான் விழுந்தால் எந்த வழியாக ஏறுவது?' படகோட்டி சிரித்தால் சிரிக்கட்டும், கையால் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினால் போதும்.

மாண்ட்வா நண்பர் துருவேறிய பின்னைத் தூக்கியெறிந்துவிட்டார். இப்போது ஏணியிலிருந்து ஒரு கயிற்று நுனி தண்ணீரைத் தொடும் உயரத்தில் தொங்குகிறது. கீழேயிருந்து இழுத்தால் ஏணி இறங்கிவிடும். ஆனாலும் இறக்கிவிட்டுத்தான் குதிக்கிறார். நான் கண்ணி போடுவதில் தேறிவிட்டேன். நீச்சல் வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.