கட்டுற நேரத்துக்கும் கூலி உண்டு

தை, மாசி சம்பா அறுப்புக்கு சேலம், ஆத்தூர் பக்கமிருந்து அறுவடை மிஷின்கள் லாரியில டெல்டாவுக்கு வரும். பொங்கலுக்குத் தஞ்சாவூர், திருவாரூர் வந்துபோற மயிலாப்பூர், தி.நகர், அடையாறு நண்பர்கள் பாத்திருப்பீங்க. பெல்ட் வண்டியைத் தார் ரோட்டுல ஓட்டிவந்தா ரப்பர் தேஞ்சிடும், அதனாலதான் லாரி.

ஆனா, "கயிறு போதும், கிளம்பு"ங்கிற அவசரம் தப்பு. கதிர் வெட்டுற முன்பகுதியை இறக்கி மரக்கட்டை மேல உக்காத்தணும். நாலு மூலையிலயும் சங்கிலியை அடிச்சட்டத்துல மாட்டணும். ஆயில் ஹோஸ்ல உரசக்கூடாது. கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கணும்.

ஹோஸ் அறுந்து மிஷின் நின்னா, முத்தின நெல்லு காத்திருக்கும், மழை காத்திருக்காது. நஷ்டம் வயல்காரருக்குத்தான். வாடகை பேசறப்பவே கட்டுற நேரத்துக்கும் சேத்துக் கொடுக்கணும்ங்கிறது என் கருத்து. ரோட்டோரம் நிறுத்திச் சங்கிலி இறுக்குறவங்களைப் பாத்தா, நீங்களும் ஹாரன் அடிக்காம கொஞ்சம் ஒதுங்கிப் போங்க.