வார்டர் மட்டும் தொழிலாளி இல்லையா?

ஷிப்ட் முடிந்தாலும் கைதிகளின் எண்ணிக்கை சரியாக வரும்வரை வார்டர் வாசலைத் தாண்ட முடியாது. குவார்ட்டர்ஸ் கிடைத்தாலும் பெரும்பாலும் சிறை மதிலை ஒட்டித்தான். அபாயச் சங்கு ஊதினால் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு ஓட வேண்டும். இப்படி உழைப்பவருக்குத் 'தொழிலாளி' என்ற பெயரைத் தரச் சட்டத்துக்கு மனமில்லை!

1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம், ராணுவத்தாரையும் போலீசாரையும் தொழிலாளி என்ற விளக்கத்திலிருந்து விலக்கிய கையோடு, சிறையின் 'அதிகாரி அல்லது பிற ஊழியரையும்' விலக்கியது. பிற ஊழியர் என்றால் சாவிக்கொத்து சுமப்பவர் மட்டுமல்ல, சிறை ஆபீசில் லெட்ஜர் எழுதும் குமாஸ்தாவும்தான். ரயில்வேயில் லெட்ஜர் எழுதும் நாம் தொழிலாளிகள், அவர் இல்லை. இது என்ன நியாயம்? 2020-ல் நிறைவேற்றி 2025 நவம்பரில் அமுலுக்குக் கொண்டுவந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் அந்த வரியை விடாமல் காப்பியடித்திருக்கிறது.

திஹார் சிறைக் காவலுக்கு வந்த தமிழ்நாடு சிறப்புக் காவல் படைப் பிள்ளைகளை டில்லித் தமிழ்க் குடும்பங்கள் அறியும். அவர்களைப் 'போலீஸ்' என்ற சொல் விலக்குகிறது. கூட நிற்கும் வார்டரைச் 'சிறை' என்ற சொல் விலக்குகிறது.

தண்டிக்க மட்டும் சட்டம் தயங்கவில்லை. வெள்ளைக்காரன் 1894-ல் போட்ட சிறைச் சட்டத்தின் 54-வது பிரிவைப் பாருங்கள். அனுமதியோ இரண்டு மாத எழுத்து நோட்டீசோ இல்லாமல் வேலையை விட்டால், வேண்டுமென்றே லீவைத் தாண்டி நின்றால், 200 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் ஜெயில், அல்லது இரண்டும். காவல் காத்தவரே கம்பிக்குள்!

சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வார்டர்கள் வெளியேறலாம் என்று நாம் சொல்லவில்லை. உள்ளே மனித உயிர்கள் இருக்கின்றன. ஆனால் வேலைநிறுத்தம் கூடாது என்றால், தகராறைத் தீர்க்க வேறு வழி காட்ட வேண்டாமா? மத்திய அரசு ஊழியருக்கு 1966 முதல் கூட்டு ஆலோசனைக் குழு இருக்கிறது. சம்பளம், வார வேலை நேரம், லீவு பற்றி உடன்பாடு வராவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம். அதே ஏற்பாட்டை ஒவ்வொரு மாநிலமும் சிறை ஊழியருக்குத் தரட்டும். ஒரு செங்கல்கூடப் பெயராது.

இருக்கிற உரிமைகளையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம். அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவுப்படி, குற்றச்சாட்டைத் தெரிவித்து விசாரிக்காமல் நிரந்தர அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. இதில் ஓட்டை உண்டு. விசாரணை சாத்தியமில்லை என்று மேலதிகாரி எழுதிவிட்டால் போதும் என்கிறார்கள். 1985-ல் துளசிராம் பட்டேல் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்த அதிகாரத்தை ஒப்புக்கொண்டது. ரயில்வேக்காரர்கள் பலரும் அதில் அடிபட்டார்கள். ஆனாலும் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கோர்ட் அதைச் சோதிக்கலாம் என்பதும் அதே தீர்ப்புதான்.

ஆகவே சார்ஜ் மெமோ வந்தால் வாய்ப் பேச்சில் சமாதானம் சொல்லாதீர்கள். கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். பெண் வார்டர்களுக்கு 2013-ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் சிறைக்குள்ளும் செல்லும். எழுதத் தயக்கமாக இருந்தால், மெமோவை எடுத்துக்கொண்டு அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாருங்கள்; கூட உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.