கட்டிலருகில் நிற்போரும் மேசையருகில் அமர்வோரும்

நலவாழ்வுச் சட்டம் ஒன்று ஏழைக்கு நன்மை பயக்குமா, தீமை பயக்குமா என்பதைத் திருச்சபையின் பெயரால் எடுத்துரைக்கும் தகுதி யாருக்கு உண்டு? 2010-ஆம் ஆண்டில் அமெரிக்கத் திருச்சபை இவ்வினாவை உலகறிய எழுப்பியது. ஆயர் பேரவை ஒருபுறம், அருட்சகோதரியர் பலர் மறுபுறம் என நின்றனர். கடல் கடந்த நாட்டில் நடந்த வழக்கு இராயப்பேட்டையில் வாழும் நமக்கு எதற்கு என்று கேட்போர் உளர். மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தொலைவில் அரசு மருத்துவமனை நிற்கும் இப்பகுதியில் வாழ்வோருக்கே அவ்வழக்கின் உட்பொருள் எளிதில் விளங்கும் என்பது நம் துணிபு.

முதலில் நடந்ததைக் கூறுவோம். அன்று அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு அற்றவர்கள் 4 கோடியே 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். உலகின் செல்வந்த நாட்டில் நோயுற்றவன் வீட்டை விற்றுச் சிகிச்சை பெறும் நிலை. இதனை மாற்ற அதிபர் ஒபாமா கொண்டுவந்த சட்டவரைவு வாக்கெடுப்பை நெருங்கியபோது, அது கருக்கலைப்புக்கு அரசுப் பணம் செல்ல வழிதிறக்கும் எனக் கூறி ஆயர் பேரவை எதிர்த்தது. பேரவைத் தலைவர் கர்தினால் பிரான்சிஸ் ஜார்ஜ். ஆனால், 600-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளைக் கொண்ட அமெரிக்கக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கத்தின் தலைவி அருட்சகோதரி கரோல் கீஹன் அவ்வரைவை ஆதரித்தார். மார்ச் 17 அன்று, சமூக நீதிக்காக உழைக்கும் 'நெட்வொர்க்' அமைப்பின் தலைவி அருட்சகோதரி சிமோன் கேம்ப்பெல்லின் முயற்சியால், துறவு சபைத் தலைவியர் பலர் ஒப்பமிட்ட ஆதரவு மடல் வெளியாயிற்று. மார்ச் 21 அன்று 219-க்கு 212 என்னும் வாக்குகளில் சட்டம் நிறைவேறியது. கையெழுத்திட அதிபர் பயன்படுத்திய எழுதுகோல்களுள் ஒன்று சகோதரி கீஹனுக்கு அளிக்கப்பட்டது. அந்த எழுதுகோல் சில ஆயர்களின் மனத்தை எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

ஆயர்களின் வாதத்தைச் சிறுமைப்படுத்துவது நேர்மையன்று. அவர்கள் ஏழையை மறந்தவர்கள் அல்லர். 1919-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்க்கு நோய்க்காலக் காப்பீடு வேண்டும் என்று கேட்டவர்கள் அந்நாட்டு ஆயர்கள். ஆவணமற்ற குடியேறிகளை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் வெளியே நிறுத்தியதையும் அவர்கள் கண்டித்தார்கள். அக்கண்டனம் முற்றிலும் நியாயமானது. கருவில் உள்ள உயிர் மனித உயிரே என்னும் போதனையில் அவர்களுக்கும் சகோதரிகளுக்கும் இடையே எள்முனை வேறுபாடும் இல்லை. சகோதரி கீஹன் அப்போதனையை மறுக்கவில்லை. சட்டத்தின் வாசகப்படி கருக்கலைப்புக்கான கட்டணம் தனிக்கணக்கில் வைக்கப்படுகிறது. அரசுப் பணம் அதில் கலவாது என்பதே அவர் கூற்று. அதிபரின் நிர்வாக ஆணை ஒன்றும் மார்ச் 24 அன்று அதற்கு உறுதி கூறியது. ஆயர்களோ, அந்த ஆணையும் தனிக்கணக்கும் போதா என்றனர்.

ஆக, பிணக்கு கோட்பாட்டில் இல்லை. ஒரு சட்டத்தின் பிரிவுகள் நடைமுறையில் எவ்வாறு இயங்கும் என்னும் கணிப்பில்தான் இருந்தது. இவ்வளவோடு நின்றிருந்தால், அறிவுடையோர் இருவரிடையே எழும் கருத்து மாறுபாடு என்று கொண்டிருக்கலாம். ஆனால் வாக்கெடுப்புக்குப் பின்னர் வாதம் வேறு தடத்தில் சென்றது. திருச்சபையின் பெயரால் பேசும் உரிமை ஆயர்களுக்கே உரியது, மற்றவர் பேசியதால் திருச்சபையின் ஒருமை குலைந்தது என்னும் பேச்சு மேலோங்கிற்று. பிராவிடன்ஸ் மறைமாவட்டத்தின் ஆயர் தாமஸ் டோபின், தம் மறைமாவட்டச் சார்புள்ள நலவாழ்வு நிறுவனத்தின் பெயரைச் சங்கத்தின் பட்டியலிலிருந்தே நீக்கச் சொன்னார்.

இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். கொலை பாவம் என்று போதிக்க ஆயருக்கு உள்ள அதிகாரத்தை எவரும் மறுக்கவில்லை. ஆயின், ஒரு காப்பீட்டுச் சட்டத்தின் பிரிவைப் படித்து, பணம் எந்த வழியில் போகும், எந்த நோயாளி வாயிலில் திருப்பி அனுப்பப்படுவாள் என்று கணிப்பதற்குத் திருநிலைப்பாடு தனி அறிவைத் தருவதில்லை. அந்த அறிவு இரவுப்பணி பார்த்த செவிலிக்கும், கட்டணம் கட்ட இயலாதவளின் கணக்கை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்த நிர்வாகிக்கும் வருவது. சகோதரி கீஹன் செவிலியாகத் தொடங்கி மருத்துவமனை நிர்வாகியாக உயர்ந்தவர். மருந்து என்பதற்கு நான்கு கூறுகளைச் சொன்ன வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்று நால்வகையோடு நிறுத்திக்கொண்டார். தொலைவிலிருந்து அறிக்கை விடுவோரை ஐந்தாவதாகச் சேர்க்கும் எண்ணம் அவருக்குத் தோன்றவில்லை போலும்!

இராயப்பேட்டைக்கு வருவோம். 1911-இல் தொடங்கப்பட்ட இந்த அரசு மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளர், காலா அசார் நோயின் கிருமியைக் கண்டறிந்தோருள் ஒருவரான மருத்துவர் சார்லஸ் டொனவன். இன்றும் விடியற்காலையில் வெஸ்ட்காட் சாலையில் நடப்போர், புறநோயாளிச் சீட்டுக்கு நிற்கும் வரிசையைக் காணலாம். அவ்வரிசையில் நம் பங்கு மக்களும் நிற்கிறார்கள். ஞாயிறு காணிக்கை அன்னை ஆலயத்தில் திருப்பலி கண்டவர், திங்களன்று சர்க்கரை நோய் மாத்திரைக்கு அங்கே நிற்பதில் வியப்பேதும் இல்லை.

இப்போது ஒன்றைக் கேட்போம். கருக்கலைப்பை இந்நாட்டுச் சட்டம் 1971-ஆம் ஆண்டிலேயே அனுமதித்தது. 2021-ஆம் ஆண்டின் திருத்தம் சில வகையினருக்கு அதன் எல்லையை 20 வாரத்திலிருந்து 24 வாரமாக நீட்டியது. நாடெங்கும் உள்ள அரசு மருத்துவமனைகளில் அச்சேவை பொதுப்பணத்தில் நடைபெறுகிறது. நம் ஆயர்கள் அச்சட்டத்தை எதிர்த்தார்கள், எதிர்த்துவருகிறார்கள். அது அவர்கள் கடமை. ஆனால், அதே காரணத்தால் அரசு மருத்துவமனைகளே வேண்டாம், அவற்றுக்கு வரி செலுத்தாதீர்கள், காசநோய்க்கும் பிரசவத்துக்கும் அங்கே செல்லாதீர்கள் என்று நம் ஆயர்கள் கூறவில்லை. கூறியிருந்தால் இந்த வரிசையில் நிற்பவள் எங்கே போவாள்? தீமையை எதிர்ப்பது ஒன்று. தீமையும் ஒரு மூலையில் கலந்துள்ள பொது ஏற்பாட்டை முழுவதுமாகத் தகர்ப்பது மற்றொன்று. இவ்வேறுபாட்டை நம் ஆயர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லாமலே கடைப்பிடித்து வருகிறார்கள். அமெரிக்கச் சகோதரியர் அதனை வாய்விட்டுச் சொன்னார்கள். இங்கே விவேகம் எனப்பட்டது அங்கே கீழ்ப்படியாமை ஆவது எங்ஙனம்?

கட்டிலருகில் நிற்பவர் முன்னே காண்பதும், மேசையருகில் இருப்பவர் பின்னே ஒப்புவதும் திருச்சபைக்குப் புதிதன்று. இதற்கான சான்று நம் மண்ணிலேயே இருக்கிறது. பொதுநிலையினரும் துறவியரும் மறந்துவிட்ட வரலாறாதலால் சற்று விரித்துரைக்க வேண்டும். பழைய திருச்சபைச் சட்டம் குருக்கள் மருத்துவத் தொழில் செய்வதைச் சிறப்பு அனுமதியின்றித் தடுத்தது. 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பு அத்தடையைத் துறவியருக்கும் நீட்டியது. கன்னியர் பிரசவம் பார்ப்பதோ தகாத செயல் என்றே கருதப்பட்டது. பர்தா முறை நிலவிய வட இந்தியாவில் ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்பதால் பெண்கள் பேறுகாலத்தில் மாண்டுகொண்டிருந்தனர். இதனை உணர்ந்தவர் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன் அம்மையார். அறுபது வயதைக் கடந்தபின் கத்தோலிக்கரானவர். எழுபதைக் கடந்த நிலையில் இராவல்பிண்டிக்கு வந்து, தம் முயற்சியால் அங்கே எழுந்த பெண்கள் மருத்துவமனையைக் கண்டவர். அங்கே செவிலியராய்ப் பணியாற்றியோர் மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள்; நமக்கு அண்மையில், கதீட்ரல் சாலையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை நடத்துபவர்கள். கன்னியர் மருத்துவராக வேண்டும் என்று மக்லாரன் உரோமைக்குப் பலமுறை சென்று மன்றாடினார். 1913-இல் அவர் இறக்கும்வரை தடை நீங்கவில்லை.

ஆயினும் அவரைப் பற்றிய சிறு நூலொன்று ஆஸ்திரேலியாவில் மேரி குளோரி என்னும் இளம் மருத்துவரின் கைக்குக் கிட்டியது. அவர் 1920-இல் குண்டூருக்கு வந்து இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். அன்று குண்டூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது மட்டுமன்று, சென்னை உயர் மறைமாவட்டத்தின் பகுதியாகவும் இருந்தது. துறவியான பின்னும் மருத்துவம் பார்க்கத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்டிடமிருந்து அவருக்குத் தனி அனுமதி வேண்டியிருந்தது. மக்லாரனால் தூண்டப்பெற்ற மற்றொருவரான ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல், இராவல்பிண்டியில் பணியாற்றிய பின் 1925-இல் வாஷிங்டனில் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் குழுவைத் தொடங்கினார். சட்டம் இடந்தராததால் அவர்கள் பொது வார்த்தைப்பாடு இன்றியே வாழ்ந்தார்கள். 1936 பிப்ரவரி 11 அன்றுதான், மறைபரப்புப் பேராயம் துறவறப் பெண்கள் பிரசவம் உள்ளிட்ட முழு மருத்துவப் பணியையும் ஏற்கலாம் என ஆணையிட்டது. மக்லாரன் மறைந்து 23 ஆண்டுகள் கழித்து! அவ்வாண்டுகளில் பேறுகாலத்தில் மடிந்த பெண்களுக்கு எந்தப் பேராயம் கணக்கு வைத்திருக்கிறது?

அந்த மேரி குளோரிதான் 1943-இல் பதினாறு சகோதரிகளைக் கூட்டிக் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தை நிறுவினார். இன்று இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கம் என நாடெங்கும் பரவி நிற்கும் பேரமைப்பின் தொடக்கம் அது. கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்னும் அவர் கனவு 1963-இல் பெங்களூரில் புனித யோவான் கல்லூரியாய் நனவாயிற்று. அவர் 1957-இலேயே காலமாகிவிட்டார். 2013-இல் அவரை இறையூழியர் என அறிவித்தோம். நம் திருச்சபைக்கு இது ஒரு பழக்கம்: உயிரோடு உள்ள சகோதரியிடம் அனுமதிச் சீட்டு கேட்போம், மறைந்தபின் படத்துக்கு மாலையிடுவோம்.

எல்லாச் சகோதரியரும் ஒரே குரலில் பேசினர் என்று நாம் சொல்லவில்லை. நம் சென்னையிலும் முதியோர் இல்லம் நடத்தும் ஏழைகளின் சிறிய சகோதரிகள், அதே அமெரிக்கச் சட்டத்தின்கீழ் பிறந்த கருத்தடைக் காப்பீட்டு விதியை எதிர்த்து வழக்காடினர். 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்னும் கணக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆயர்கள் அவர்களைப் போற்றினார்கள். போற்றட்டும், நாமும் போற்றுவோம். ஆனால் இணங்கிப் பேசும் சகோதரியின் மனச்சான்று மட்டும் மனச்சான்று, மாறிப் பேசுபவளின் மனச்சான்று கலகம் என்பது எந்த இறையியல்? 2012 ஏப்ரலில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அமெரிக்கப் பெண் துறவியர் தலைவியர் பேரவையைச் சீர்திருத்த ஆணையிட்டது. சிமோன் கேம்ப்பெல்லின் அமைப்பும் அதில் பெயர் சுட்டப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப்பின், 2015 ஏப்ரலில், திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில் அந்நடவடிக்கை அமைதியாக முடித்துவைக்கப்பட்டது. சட்டமோ, 2016 வாக்கில் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகக் காப்பீடு தந்திருந்தது.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-இல் நடுவண் அரசின் திட்டமும் அதனோடு இணைந்தது. ஏழைக்குப் பெரிய அறுவை மருத்துவம் கிட்டுகிறது என்ற மட்டில் இவை நற்பணிகளே. ஆயினும் இத்திட்டங்கள் பணம் தருவது மிகுதியும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே. அன்றாட மாத்திரைக்கும், காய்ச்சலுக்கும், புண்ணுக்குக் கட்டுப்போடுவதற்கும் அல்ல. நம் சகோதரிகளின் சிறு மருந்தகங்கள் செய்துவந்ததோ பெரும்பாலும் இந்த அன்றாடப் பணிதான். மருத்துவர் இல்லாமல் செவிலி தனித்து மருந்து எழுதித்தரவும் நம் சட்டம் இடந்தராது. மருத்துவருக்குச் சம்பளம் தர வசதியில்லாத மருந்தகம் என்ன செய்யும்? இழுத்து மூடும், அல்லது கட்டணத்தை உயர்த்தி, வசதியுள்ளோரின் மருத்துவமனையாக உருமாறும். இம்மாற்றம் நம் கண்முன்னே நடக்கிறது. அமெரிக்க ஆயரும் சகோதரியரும் பகிரங்கமாக மோதிக்கொண்டார்களே என்று நாம் வருந்துகிறோம். மோதுவதற்காவது அங்கே இரு தரப்பும் சட்டத்தைப் படித்திருந்தன. நம்மிடையே மோதலே இல்லை என்று மகிழ்வதற்கு என்ன இருக்கிறது?

2023 மார்ச் 21 அன்று இராஜஸ்தான் சட்டமன்றம் நலவாழ்வு உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அவசர நிலையில் வருபவருக்கு முன்பணம் கேளாமல் தனியார் மருத்துவமனையும் சிகிச்சை அளிக்கவேண்டும் என்பது அதன் சாரம். தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தகைய மசோதா நாளை புனித ஜார்ஜ் கோட்டைக்கு வருமாயின், நம் மருத்துவமனைகள் யார் பக்கம் நிற்கும்? தனியார் மருத்துவமனை உரிமையாளர்களோடா, வாயிலில் நிற்பவளோடா? அதற்கான அறிக்கையை யார் எழுதுவார்?

2023 அக்டோபரில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாகப் பெண்கள் வாக்களித்தார்கள். அங்கே இயன்றது நம் மறைமாவட்டத்தில் இயலாதா? அறிக்கை எழுதும் நாளுக்குக் காத்திராமல், நலவாழ்வுப் பணிக்குழுவின் அடுத்த கூட்டத்துக்கே மருத்துவமனைச் சகோதரியர் அழைக்கப்பட வேண்டும். தேநீர் பரிமாறவோ ஜெபம் தொடங்கவோ அன்று, வாக்குரிமையோடு. வரும்போது, பணம் இல்லாமையால் இவ்வாண்டு திருப்பி அனுப்பப்பட்டவர் எத்தனை பேர் என்னும் ஏட்டையும் அவர்கள் கொண்டுவரட்டும். அப்படி ஓர் ஏடு நம் மருத்துவமனைகளில் இல்லையெனில், கூட்டத்தின் முதல் தீர்மானம் அதைத் தொடங்குவதாக இருக்கட்டும்.