பம்பிள்பீ என்னும் மூடநம்பிக்கை

1958 முதல் 1960 வரை கிப்சன் நிறுவனம் செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்டு கிட்டார்கள் இன்று வீட்டு விலைக்குப் போகின்றன. பின்பக்க மூடியைக் கழற்றினால், வால்யூம் குமிழுக்கும் டோன் குமிழுக்கும் நடுவே ஒரு கறுப்பு உருளை தெரியும். அது ஸ்ப்ரேக் நிறுவனத்தின் கெப்பாசிட்டர். அதன் அளவைச் சொல்லும் வண்ணக் கோடுகள் வண்டின் உடல்போல் தெரிவதால் பம்பிள்பீ என்று பெயர் வந்தது. அந்தக் கிட்டார்களின் தேன் ஓசைக்கு இந்த உருளைதான் காரணம் என்று கிட்டார்காரர்கள் ஊர் ஊராக நம்புகிறார்கள். அதே தோற்றத்தில் செய்த நகல்கள் ஜோடி நூறு டாலரைத் தாண்டியும் விற்கின்றன. அதே அளவுள்ள சாதாரண பாலியெஸ்டர் கெப்பாசிட்டருக்கு ஒரு டாலர்கூட ஆகாது.

ஓசைக்கு என்று சொல்லி இந்த நகல்களை விற்பது ஏமாற்று வேலை.

டோன் குமிழின் வேலை, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் ட்ரெபிளை, அதாவது உயர் ஒலிகளை, கெப்பாசிட்டர் வழியாக கிரவுண்டுக்கு வடித்துவிடுவது. குமிழ் 10இல் இருக்கும்போது அந்த வழியில் 500 கிலோஓம் தடை குறுக்கே நிற்கிறது. 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 1,000 ஹெர்ட்ஸில் காட்டும் எதிர்ப்பு சுமார் 7 கிலோஓம்தான். ஐந்நூறுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்த ஏழு, பழைய பம்பிள்பீபோல் எண்ணெய்த் தாளால் ஆனதா, பாலியெஸ்டர்போல் பிளாஸ்டிக் படலத்தால் ஆனதா என்று எந்தக் காது கண்டுபிடிக்கும்? பெரும்பாலோர் குமிழை 10இலேயே விட்டுவிட்டு வாசிப்பவர்கள்.

குமிழை 0க்கு இறக்கினால் கெப்பாசிட்டர் பேசத் தொடங்கும், உண்மைதான். பிக்கப் சுருளோடு சேர்ந்து 500 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு மேட்டை எழுப்பும். கிரீம் குழுவில் எரிக் கிளாப்டன் வாசித்த 'உமன் டோன்' இப்படிக் குமிழை இறக்கிப் பெற்றது. ஆனால் மேடு எங்கே எழும் என்பதைத் தீர்மானிப்பது கெப்பாசிட்டரின் அளவு. 0.022 என்று குறித்த பழைய உருப்படி 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். 0.018க்கு மேடு 560 ஹெர்ட்ஸ் பக்கம், 0.026க்கு 465 பக்கம். காதுக்கு நன்றாகவே தெரியும் இந்த இடைவெளிக்குத்தான் பல நேரம் 'விண்டேஜ் கதகதப்பு' என்று பட்டம் கட்டுகிறார்கள். மீட்டரில் அளந்து, ஒரே அளவுள்ள இரண்டை ஒரு ஸ்விட்சில் இணைத்து மாற்றி மாற்றிக் கேட்கட்டும். ஒன்றைப் பிடுங்கி, ஈயம் உருக்கி, இன்னொன்றைப் பற்றவைத்துவிட்டுக் கேட்பது ஒப்பீடே அல்ல. அதற்குள் காது மறந்துவிடும், விரலின் அழுத்தமும் மாறிவிடும்.

நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் வால்வ் ஆம்ப்ளிஃபயரில் கெப்பாசிட்டர் எதனால் ஆனது என்று வாதாட இடமுண்டு. கிட்டாருக்குள் ஓடுவது ஒரு வோல்ட் சுற்றுவட்டாரம். 400 வோல்ட் தாங்கும் உருப்படிக்கு அது உறைக்காது. பழைய தாள் கெப்பாசிட்டர்கள் ஈரம் இழுத்துக் கசிபவை. வால்வ் ரேடியோ பழுதுபார்ப்பவர்கள் முதலில் மாற்றுவது அவற்றைத்தான். ஸ்ப்ரேக்கும் இவற்றை ரேடியோ, டி.வி. பெட்டிகளுக்காகத்தான் செய்து குவித்தது. 1960களில் ஃபெண்டர் கிட்டார்களில் மலிவான செராமிக் வில்லைகள் இருந்தன. இப்போது அவற்றையும் விண்டேஜ் என்று விற்கிறார்கள். தாளும் செராமிக்கும் ஒரே மாயத்தைச் செய்கின்றனவாம்!

பம்பிள்பீ நகல் ஒன்றை அறுத்துப் பார்த்தவர்களுக்குக் கோடு போட்ட உறைக்குள் கிடைத்தது சாதாரண பாலியெஸ்டர் கெப்பாசிட்டர். அதுவரை அதில் 1959ஐக் கேட்டதாகச் சொன்னவர்கள் எதைக் கேட்டார்கள்? உண்மையாகவே எண்ணெய்த் தாள் வைத்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விற்பதும் தோற்றத்தையே.

எனக்குக் கோபம், மிச்சம் பிடித்த காசை இதில் கொட்டும் இளம் வாசிப்பாளர்களை நினைத்துத்தான். ஆறு மீட்டர் கேபிளின் 600 பிகோஃபாரட், குமிழ் 10இல் இருக்கும்போது பிக்கப்பின் உச்சத்தை 3,000 ஹெர்ட்ஸ் அருகே நிறுத்துகிறது. கேபிளை மாற்றினாலே ஓசை மாறும். அந்தப் பழைய லெஸ் பால் கிட்டார்களில் டோன் குமிழை வால்யூம் குமிழின் வெளியேறும் காலில் இணைத்திருந்தார்கள். அதனால் வால்யூமைக் குறைத்தாலும் ட்ரெபிள் அவ்வளவாக மங்காது. இது யாரும் கேட்டு உணரக்கூடிய வித்தியாசம், செலவு ஒரு துண்டுக் கம்பி.

அசல் 1959 கிட்டார் வைத்திருப்பவர் அதன் பம்பிள்பீயைத் தொடாமல் காக்கட்டும், அது சரித்திரம். நகல் விற்பவர்கள் உறைக்குள் என்ன இருக்கிறது, மீட்டர் காட்டிய அளவு என்ன என்ற இரண்டையும் அட்டையில் அச்சிட வேண்டும்.