இமையைப் பார்த்து மருந்து ஊற்றுக

கார்த்திகை மழைக்குப் பின் ஏரி உட்புறங்களிலும் கடலைக் கொல்லை வரப்புகளிலும் இளம்புல் தழைத்து நிற்க, தன் செம்மறிகள் வயிறு புடைக்க மேய்வதைக் கண்டு கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துக் குடியானவர் பூரிப்பது இயல்பேயாயினும், அதே புல்லின் அடித்தூரில் கண்ணுக்குப் புலப்படாத சத்துரு ஒன்று காத்திருப்பதை அவர் மறந்துவிடலாகாது.

சாஸ்திரத்தார் ஹீமாங்கஸ் என்றழைக்கும் உருண்டைப்புழு அது. ஆட்டின் நான்காம் இரைப்பையில் தங்கி, நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லிலிட்டர் ரத்தத்தையே ஒரு புழு குடிக்கிறதென்றாலும், ஆயிரம் புழுக்கள் சேர்ந்தால் அது 50 மில்லிலிட்டர் ஆகிறது. ஒரு பெட்டைப் புழுவோ தினந்தோறும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. புழுக்கையோடு வெளியேறும் அம்முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் வாய்த்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றவல்ல இளம்புழுவாகி, காலைப் பனியின் நீர்ப்படலத்தைப் பற்றிப் புல்மேல் ஏறுகிறது. வெயில் ஏறிப் பனி உலர்ந்த பின்னரே பட்டியைத் திறக்கும் முதியவர்களின் வழக்கம் மூடநம்பிக்கையன்று.

இப்புழுவின் வஞ்சகம் வேறொன்றில் இருக்கிறது. குடற்புழு என்றவுடன் நாம் கழிச்சலை எதிர்பார்க்கிறோம். இதுவோ பெரும்பாலும் கழிச்சலைக் காட்டாமலே ரத்தத்தை வற்றச் செய்து, தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும்போதுதான் தன்னை வெளிப்படுத்துகிறது. அதற்குள் சில குட்டிகள் விழுந்திருக்கும்.

இதற்கு அஞ்சியே, மூன்று மாதத்துக்கொருமுறை பட்டி முழுவதற்கும் ஒரே மருந்தைத் தோராய அளவில் ஊற்றிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. என் அபிப்பிராயத்தில் நோய்க்கு நிகரான ஆபத்து இது. 1961-ல் தயாபெண்டசோல் என்ற மருந்து வந்தபோது உலகம் அதைக் கொண்டாடியது. 1964-லேயே அதற்கு அடங்காத புழுக்கள் தோன்றிவிட்டன. பின்வந்த ஔஷதங்களுக்கும் அதே கதி நேர்ந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அடங்காத புழுக்கள் தமிழ்நாட்டு மந்தைகளிலும் காணப்பட்டிருக்கின்றன. எல்லா ஆடுகளுக்கும் மருந்து ஊற்றினால், மருந்தை வென்ற புழுக்களே எஞ்சி வமிசத்தை விருத்தி செய்யும். சில ஆடுகளுக்கு ஊற்றாமல் விட்டாலோ, மருந்துக்கு அடங்கும் புழுக்களும் மேய்ச்சலில் நிலைத்து, அடங்காதவற்றின் விகிதத்தைத் தாழ்த்தி வைக்கும். மேலும் வெள்ளாட்டின் உடல் பல மருந்துகளைச் செம்மறியைவிட விரைவில் கழித்துவிடுவதால், செம்மறிக்குரிய அளவையே அதற்கும் கொடுப்பது புழுவுக்குப் பயிற்சி கொடுப்பதாகும்.

அப்படியானால் எந்த ஆட்டுக்கு ஊற்றுவது? தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் வகுத்த உபாயம் மிக எளியது. ஆட்டை வெயிலில் நிறுத்தி, ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மெல்ல அழுத்தி, மற்றதால் கீழ் இமையைத் தாழ்த்தினால், உட்சவ்வு வெளியே பிதுங்கித் தெரியும். அது செக்கச் செவேலென்றிருந்தால் மருந்து வேண்டா. வெளுத்தோ வெள்ளைக் காகிதம் போன்றோ இருந்தால் தாமதமின்றி ஊற்றவேண்டும். ஐந்து நிறப்படிகள் அச்சிட்ட அட்டை ஒன்றை ஒப்பிட்டு இதனை நிர்ணயிக்கிறார்கள். ஏரிக்கரை நத்தைகளின் வழியே வரும் கல்லீரல் புழுவும் ஆட்டை வெளுக்கச் செய்யுமாதலால், சந்தேகம் எழுந்தால் புழுக்கைப் பரிசோதனையே முடிவு சொல்லும்.

2011-ல் விலையில்லா ஆடுகளை ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கத் தொடங்கிய தமிழ்நாட்டு சர்க்காருக்கு, அந்த அட்டையைத் தமிழில் அச்சிட்டு ஆட்டுக்காரர் கையில் கொடுப்பதும், கால்நடை முகாம்களில் ஊற்றிய மருந்தின் அளவைக் கணக்கெடுப்பதற்குப் பதிலாகச் சோதித்த புழுக்கைகளைக் கணக்கெடுப்பதும் பெரிய காரியங்களல்ல. நாலைந்து ஆடு வைத்திருக்கும் விதவைத் தாய்க்கு இதற்கெல்லாம் அவகாசமேது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அவளுடைய நாலைந்து ஆடுகளின் இமைகளைப் பார்த்து முடிக்கச் சில நிமிஷங்களே போதும், காசும் செலவில்லை.

சந்தையில் வாங்கிய கிடாயை அன்று மாலையே மந்தையோடு ஓட்டிவிடும் வழக்கத்தையும் நிறுத்தவேண்டும். வேற்றூரில் மருந்துக்கு அடங்க மறுத்த புழுவை அது தன் வயிற்றில் சுமந்து வந்திருக்கலாம். கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுத்து, இரண்டு வாரம் சென்றபின் புழுக்கையில் முட்டையில்லை என்று கண்டே அதனைச் சேர்க்க வேண்டும். தனிக் கொட்டகைக்கு வசதியில்லாதவர், பட்டிக்கு எட்டத்தில் ஒரு புளியமரத்தடியில் கட்டித் தழை வெட்டிப் போட்டுவந்தாலும் போதுமானது.